நாலாவது கால்

ரவாங்,
12.2.1984

அன்புள்ள அக்காவுக்கு,

சோமு எழுதுகிறேன். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ, அத்தான், கங்கா மூவரும் சுகமா என்று கேட்கக் கை கூசுகிறது. பத்து மாதமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று சுகம் விசாரித்தால் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

போன வாரம் நம் தோட்டத்துச் சின்னையா அண்ணனை ரவாங் மார்க்கெட்டில் பார்த்தேன். அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வாசலைத் தாண்டவில்லை, சன்னலைக்கூடத் திறக்க விடுவதில்லை என்று சொன்னார். அந்தத் தகரக் கூரை மத்தியானத்தில் எப்படிக் காயும் என்று அதன் கீழே வளர்ந்த எனக்குத் தெரியாதா. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அக்கா, ஒரு யோசனை. இங்கே நான் தொழிற்சாலை லோரி ஓட்டுகிறேன். ஒருநாள் மேனேஜர் வீட்டில் பலகை இறக்கப் போனேன். வீட்டின் முன்னால் நான்கு கால் ஊன்றி, மேலே கூரை போடாமல் வரிசையாகச் சட்டங்களை அடித்து, அதில் கொடி படரவிட்டிருக்கிறார்கள். பெர்கோலா என்று பெயராம். காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, வெயில் மட்டும் பட்டை பட்டையாக உடைந்து விழுகிறது. அதன் கீழே நாற்காலி போட்டுக் கோப்பி குடிக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று உன் வீட்டு முன்னால் இருந்தால் அத்தான் வெளியே வந்து உட்காரலாம். வாசலின் நீள அகலத்தை மட்டும் எழுது. மரமும் வேலையும் என் பொறுப்பு. ஆசாரி வேலை எனக்குக் கொஞ்சம் வரும் என்பது உனக்குத் தெரியும். கங்காவின் தொட்டில் நான் செய்ததுதானே.

அத்தான் என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா? அதையும் எழுது.

உன் பதில் வரும்வரை பொறுமையில்லாமல் இருக்கும்
தம்பி சோமு


ரிவர்டன் தோட்டம், கோலா சிலாங்கூர்,
4.3.1984

தம்பி சோமுவுக்கு,

அக்காள் நவமணி எழுதுவது. நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்ததில் சந்தோஷம். எங்கள் சுகம், நீ சின்னையாவிடம் கேட்டாயே, அந்தச் சுகம்தான்.

நேரடியாகச் சொல்கிறேன். உன் அத்தானின் முதுகில் எலுமிச்சை அளவுக்கு மூன்று புண். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வாரம் ஒருமுறை வந்து கழுவிக் கட்டுகிறார். தினமும் நாலு மணி நேரமாவது காற்றோட்டத்தில் நிமிர்த்தி உட்கார வைக்காவிட்டால் புண் ஆறாது, நெஞ்சில் சளி கட்டிவிடும் என்கிறார். "இப்படியே கெடந்தா அடுத்த மழக்காலம் தாண்டாது, நவமணி" என்று என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அதில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு உபயோகமில்லை.

ஏன் வரமாட்டேன் என்கிறார் தெரியுமா? பெரட்டுக்களத்துக்குப் போகிற பாதை நம் வாசல் வழியாக இருக்கிறது. காலையில் பேர் கொடுக்கப் போகிற அத்தனை பேரும் நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். "பத்தொம்பது வருசம் மண்டோரா நின்னு அவங்களப் பேர் கூப்பிட்டவன். இப்ப அவங்க பாக்க என்னக் கொண்டாந்து வெளில வைக்கப் போறியா?" என்று கேட்டார்.

அதனால் நீ போடுவது நிழலுக்கு மட்டும் ஆகாது, மறைப்புக்கும் ஆக வேண்டும். வாசல் நீளம் பதினாறு அடி, பாதை வரை பன்னிரண்டு அடி. மேற்குப் பார்த்த வீடு. பின்பக்கம் சாக்கடை, இடமில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அனுமதி கேட்டேன். தலை நிமிராமல், "போட்டுக்குங்க, சிமிந்தி மட்டும் ஊத்தாதீங்க" என்றார். கல்லும் மண்ணும் போட்டு இடித்துத்தான் கால் ஊன்ற வேண்டும்.

ஒரு நிபந்தனை. இதைச் செய்வது நீ என்று அவருக்குத் தெரியக் கூடாது. தோட்டத்து ஆசாரி என்று சொல்லிக்கொள்கிறேன். உன் கடிதங்களை ஆபீஸிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்காள் நவமணி


ரவாங்,
18.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லோரியில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். அத்தானின் புண் இந்த வாரம் எப்படி இருக்கிறது? உன் இடுப்பு வலி எப்படி? உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கக் குனிந்து குனிந்து அதை இன்னும் கெடுத்துக்கொள்ளாதே.

திட்டம் போட்டுவிட்டேன். கால்கள் எட்டடி உயரம். மண்ணுக்குள் இரண்டரை அடி போகும். பாகான் நக்கோடா ஓமாரில் மீனவர்கள் படகுத்துறைக்கு நிபோங் மரம் ஊன்றுவார்கள், பார்த்திருக்கிறாய். உப்புத் தண்ணீரிலேயே இருபது வருஷம் நிற்கும். அதில் நான்கு சொல்லி வைத்துவிட்டேன். மேல் சட்டங்களுக்கு இயந்திரம் வந்திறங்கிய பெட்டிகளின் பலகை இருக்கிறது. இங்கேயே அறுத்து, இழைத்து, எண் போட்டுக் கொண்டுவந்தால் அங்கே ஒரே நாளில் பூட்டிவிடலாம். படியை எடுத்துவிட்டுச் சரிவாகப் பலகை போட வேண்டும், நாற்காலி இறங்க. மேற்குப் பக்கம் இடுப்பளவுக்குக் குறுக்குச் சட்டம் அடித்துக் கொடி ஏற்றினால் பாதையில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். அவருக்குப் பாதை தெரியும்.

ஒன்று மட்டும் இங்கிருந்து என்னால் கணக்குப் பண்ண முடியவில்லை. சாயங்கால வெயில் எவ்வளவு தூரம் உள்ளே நுழையும் என்று தெரிந்தால்தான் சட்டங்களின் இடைவெளியை முடிவு செய்யலாம். கங்காவிடம் சொல்: வாசல் நடுவில் மூன்றடிக் குச்சி ஒன்றை நட்டு, ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நிழல் விழுகிற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து அளந்து எழுதட்டும்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்
சோமு


ரிவர்டன் தோட்டம்,
8.4.1984

அன்புள்ள மாமாவுக்கு,

கங்கா எழுதுகிறேன். நான் நலம். இந்த வருஷம் பள்ளியில் ஃபோர்ம் டூ போய்விட்டேன். நீங்கள் நலமா, ரவாங்கில் சாப்பாடு எல்லாம் ஓகேயா?

முதலில் கணக்கு. ஒரு மணிக்கு நிழலே இல்லை, குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிவிட்டது. நாலு மணிக்கு இரண்டடி எட்டு அங்குலம். ஐந்து மணிக்கு நாலரை அடி. இது இரண்டாவது தடவை அளந்தது. முதல் தடவை அளந்தது தப்பு. எப்படித் தப்பு என்று தெரிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தேன். சன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளேயிருந்து அப்பா, "குச்சி சாஞ்சிருக்கு. சாஞ்ச குச்சி தப்பாத்தான் காட்டும்" என்றார். நான் பயந்துபோய் நிமிர்த்தினேன். "இன்னும் கொஞ்சம் அந்தாண்ட. ம்ம்." அவ்வளவுதான், சன்னல் மூடிக்கொண்டது. ஆனால் மாமா, அந்தச் சன்னல் திறந்து ஒரு வருஷமாகப் போகிறது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதார்கள்.

இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னது: அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. வெளியே உட்காரலாம்பா என்று நான் கேட்டதற்கு, "என்ன வெளில எடுக்கிறது ஒரே ஒரு தரம்தான் லா, அதுக்கு அவசரப்படாத" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் ஒன்று கேட்கலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் பெரட்டில் வாசித்தார்களே, நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம். அதில் இருந்தது உண்மையா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கங்கா


ரிவர்டன் தோட்டம்,
10.5.1984

சோமுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? கங்கா எழுதி ஒரு மாதம் ஆயிற்று. நிழல் அளந்து அனுப்பச் சொன்னவன் நிழல் வந்து சேர்ந்தது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அவள் என்ன கேட்டாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. கேட்டதற்கு ஒரு அறை கொடுத்தேன். பிறகு யோசித்தால், நான் ஒரு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருப்பதை அந்தப் பிள்ளை ஒரு வரியில் கேட்டுவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

அவர் உன் பெயரைச் சொல்வதில்லை. நீ ஓட்டின லோரியிலிருந்து விழுந்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அதற்காக அவர் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை, சாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன். "மண் வழுக்குச்சு, அவன் என்ன பண்ணுவான்" என்றுதான் ஆஸ்பத்திரியில் வந்தவர்களிடம் சொன்னார். அப்புறம் நீ ஆபீஸில் எழுதிக் கொடுத்த காகிதம் வந்தது. மண்டோர் அழகேசன் தானாகவே லோரியில் பழக்குலை மேல் ஏறி நின்றார், டிரைவருக்குத் தெரியாது என்று. அதைப் பெரட்டில் முந்நூறு பேர் முன்னால் வாசித்து, மண்டோரே சட்டத்தை மீறினால் இதுதான் கதி, எல்லாரும் பாடம் படியுங்கள் என்று சொன்னார்கள். லோடு மேல் எவனாவது ஏறினால் அன்றைக்குப் பேரும் கிடையாது, கூலியும் கிடையாது என்று பத்தொன்பது வருஷம் கத்தின மனுஷன், சோமு. அன்றைக்குத்தான் சன்னலை மூடச் சொன்னார்.

நான் அங்கே இல்லை, எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சலில் ஒரே ஒரு தடவை, "நானா ஏறலடி" என்றார். மறுபடி கேட்டதற்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சினனைக் காட்டிக்கொடுக்க மாட்டாராம். நீ என் தம்பி. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் வாயை மூடி மூடி எனக்கு மூச்சு முட்டுகிறது.

மரத்தைக் கொண்டுவா. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மரத்தோடு சேர்த்து இன்னொன்றும் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியட்டும்.

அக்காள்


ரவாங்,
27.5.1984

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கங்காவை அடிக்காதே.

எல்லாச் சட்டமும் அறுத்தாயிற்று. மொத்தம் இருபத்திரண்டு, எண் போட்டிருக்கிறேன். கொடி வளர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை வெயிலுக்கு மேலே கட்ட ஏதாவது துணி கொண்டுவருகிறேன். ஜூன் 9, சனிக்கிழமை காலையில் தெரிந்தவர் லோரியில் மரத்தை ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஒரு நாளில் முடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நீ வேலைக்குப் போவதானால் போய் வா.

நான் வீட்டுக்குள் வரமாட்டேன்.

சோமு


ரிவர்டன் தோட்டம்,
13.6.1984

தம்பி சோமுவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? உன் கையில் மரச்சிராய் ஏறியிருந்ததே, எடுத்துவிட்டாயா? இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

சனிக்கிழமை வேலை முடிந்து ஒரு மணிக்கு நான் திரும்பும்போது நாலு காலும் நின்றுவிட்டன. வரிசை வீட்டு ஆண்கள் பத்துப் பேர் உன்னோடு சேர்ந்து குழி வெட்டி, மரம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ கூப்பிடாமலே வந்தார்கள் என்றாய். "யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசலக்கா, எம்மேல இருக்கிற கோவம்" என்றாய். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர்கள் ஏன் பேசவில்லை என்பது மறுநாள்தான் எனக்கே விளங்கியது.

நீ மேலே ஏறித் தொழிற்சாலைத் துணியை விரித்துக் கட்டினாய். வெள்ளைவெளேரென்று இருந்தது. வெள்ளை வேண்டாம்டா என்று வாய் வரை வந்தது. விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்கிறாயே, கொடி ஏறினால் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நாலாவது காலடியில் நீ கல் போட்டுக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து, "நவமணி, யாரு அது?" என்று அவர் குரல் கேட்டது. நீ கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். நான் உள்ளே போய்த் தோட்டத்து ஆசாரி என்றேன்.

இப்போது யோசித்துப் பார். ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையாய்க் கிடக்கிற மனுஷன் வீடு. வாசலில் நாலு கால் ஊன்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி, பச்சை ஒரு இணுக்குக்கூட இல்லாமல் பந்தல் எழும்புகிறது. ரவாங்கிலிருந்து மச்சினன் வந்திருக்கிறான். ஊர் என்ன நினைக்கும்? முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் அந்தப் பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து வாய் பேசாமல் குழி வெட்டினார்கள். பழ லோரிக்காரன் ஒருவன் போகிற போக்கில் சுங்கை பஞ்சாங்கில் அவருடைய அக்காள் வேலம்மா அண்ணிக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். பாதையிலிருந்தே சத்தம் கேட்டது. "எந்தம்பி, என்னப் பெத்த ராசா, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே" என்று வேலம்மா அண்ணி மாரில் அடித்துக்கொண்டு வருகிறார். கூட நாலு பெண்கள். கையில் கோடி வேட்டி, பிளாஸ்டிக் பையில். பின்னால் வரிசை வீட்டுச் சனம் மொத்தமும். பக்கத்து வீட்டு அன்னம்மா பெரிய சட்டியில் கோப்பி கலக்கி எடுத்து வருகிறாள். அகப்பையோடு வாசலில் நிற்கிறேன். என்னைக் கட்டிப்பிடித்து அண்ணி கதறுகிறார். இல்லை அண்ணி, இல்லை அண்ணி என்று நான் சொல்வது அவர் காதில் விழவே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல். "கங்கா, அந்த நாற்காலில கெடக்குற துணியெல்லாம் எடு."

சோமு, பதினான்கு மாதத்தில் அவர் அந்த நாற்காலியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கங்காவும் சின்னையா அண்ணனும் தூக்கி உட்கார வைத்தார்கள். நீ போட்ட சரிவுப் பலகையில் சக்கரம் கடகடவென்று இறங்கியது. அழுகை அப்படியே நின்றது. இரண்டு பெண்கள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு பின்வாங்கினார்கள். அவர் பந்தலின் நடுவில் வந்து நின்று எல்லாரையும் பார்த்தார். வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது, அவ்வளவு வெளுத்திருந்தார்.

"யாரு செத்தது?" என்று கேட்டார்.

அன்னம்மாதான், "வெள்ளத் துணி கட்டுனாங்களே லா, நாங்க என்னத்தக் கண்டோம்" என்றாள். அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். இவர் கையை நீட்டினார். "அந்த வேட்டியக் குடுக்கா. எனக்குத்தான வாங்குன?" வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"எம்பேர்ல ஒரு காகிதத்தப் பெரட்டுல வாசிச்சாங்க. அதக் கேட்டவங்க பூராப் பேரும் இங்க இருக்கீங்க. இந்தப் பந்தலப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். ஆசாரியாம். மூணு இடி இடிச்சிட்டு ஒரு மூச்சு விடுவான், சின்ன வயசுலேருந்து அப்படித்தான். நவமணி, அவனுக்கு எழுது. நானா ஏறுனனா, அவன் ஏறச் சொன்னானா? அவன் வாயால தெரியணும். அது வர்ற வரைக்கும் இந்த வெள்ளத் துணிய ஒருத்தரும் அவுக்கக் கூடாது. எனக்குப் போட்ட பந்தல்தான, நான் இதுலயே இருக்குறன்."

எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

அக்காள் நவமணி


ரிவர்டன் தோட்டம்,
8.7.1984

அன்புள்ள மாமாவுக்கு,

கங்கா. நீங்கள் நலமா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா இனிமேல் எழுத மாட்டார்களாம். அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா தினமும் வெளியே உட்காருகிறார். காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் அவரைப் பார்க்காத மாதிரி போகிறார்கள். அவர் எல்லாரையும் பார்க்கிறார். ஒரு புண் காய்ந்துவிட்டது என்று டிரெசர் சொன்னார். ஆனால் மாமா, இது நல்லதுக்கு உட்காருவது மாதிரி இல்லை. கோடி வேட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். நான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் கேட்பது ஒன்றுதான்: "ஆபீஸ் பக்கம் போனியா? கடுதாசி வந்துச்சா?" இல்லை என்றால் அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடமாட்டார்.

நாலாவது கால் சாய்ந்துகொண்டே போகிறது. மழை பெய்தால் மண் இளகுகிறது. நேற்று அந்தப் பக்கம் சட்டம் ஒன்று கழன்று அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே வாங்க என்று அம்மா கெஞ்சினார்கள். வரவில்லை. "விழட்டும்" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இல்லை என்றாவது எழுதுங்கள் மாமா. ஏதாவது எழுதுங்கள்.

கங்கா


ரவாங்,
22.7.1984

அத்தானுக்கு,

சோமு எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன். இதை நீங்கள் பந்தலில் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.

1983 ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எண்ணெய் ஆலை வாசல் மூடிவிடும். ஓடைப் பாலத்துக்கு முன்னால் பழக்குலைகள் சரிந்து வலைக்கு வெளியே வந்தன. நிறுத்திக் கட்டிக்கொண்டு போகலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நேரமில்லை, மேல ஏறி வலையைப் பிடிச்சுக்குங்க அத்தான், மெதுவா ஓட்டுறேன் என்று சொன்னது நான். நீங்கள் முடியாது என்றீர்கள். நான் வண்டியை விட்டு இறங்கி வந்து கெஞ்சினேன். எனக்காகத்தான் ஏறினீர்கள். நான் மெதுவாக ஓட்டவில்லை.

மறுநாள் ஆபீஸில் கேட்டார்கள். எனக்கு லைசென்ஸ் கிடைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரே ஏறினார், எனக்குத் தெரியாது என்று வாயில் வந்துவிட்டது. எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன். பெரட்டில் வாசிப்பார்கள் என்று தெரியாது. வாசித்தது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் பெரிய குற்றம். அந்த ஆபீஸ் கொடுத்த நல்ல கடிதத்தைக் காட்டித்தான் இங்கே லோரிச் சாவியை வாங்கினேன்.

ஒவ்வொரு சட்டமாக இழைக்கும்போதும், இதைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும், யாரும் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள் குரல் கேட்டதும் ஓடினேன். பயந்தாங்கொள்ளி, அத்தான். வேறு சொல் தெரியவில்லை.

பதில் எழுத ஆறு வாரம் ஆனதற்குக் காரணம், முதலில் இங்கே சொல்லிவிட்டு உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். மூன்று தடவை சூப்பர்வைசர் அறை வரை போய்த் திரும்பினேன். போன திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது மரப்பட்டறையில் பலகை அடுக்குகிறேன். இதோடு கையெழுத்துப் போட்ட இன்னொரு காகிதம் இருக்கிறது. அதை அக்கா கிராணியிடம் கொடுக்கட்டும். எங்கே வாசித்தார்களோ அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

கங்காவிடம் சொல்லுங்கள், அவள் கேட்ட கேள்விக்குப் பதில்: உண்மை இல்லை.

நீங்கள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும்
சோமு


ரிவர்டன் தோட்டம்,
12.8.1984

சோமுவுக்கு,

அழகேசன் எழுதுவது. பேனா பிடித்து நாளாயிற்று, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உடம்பு பரவாயில்லை. உன் அக்காவும் கங்காவும் சுகம்.

உன் கடிதத்தைக் கங்கா வாசித்தாள். வேலம்மா அக்காளையும் சுங்கை பஞ்சாங்கிலிருந்து வரவழைத்தேன். அழ வந்தவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று. பாதியில் பிள்ளை காகிதத்தை நீட்டிவிட்டாள். மீதியைச் சின்னையா வாசித்தான்.

அந்த இன்னொரு காகிதத்தைக் கிராணி முதலில் வாங்கமாட்டேன் என்றார். பழைய கதையைக் கிளறாதீங்க மண்டோர் என்று ஆள் அனுப்பினார். உன் அக்காள் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். போன வியாழக்கிழமை பெரட்டில் வாசித்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் பந்தலில் இருந்தபடியே கேட்டது. முடிந்ததும் எல்லாரும் நம் வாசல் வழியாகத்தான் குலை வெட்டுக்குப் போனார்கள். சிலர் நின்று, "வரோம் மண்டோர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வழக்கம்போல நேரமாச்சு, போங்க என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. என்னுடைய இந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வரட்டும், அது ஒரு பக்கம் இருக்கும். ஆனால் நீ சாவியைக் கொடுத்துவிட்டு எழுதினாய் என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. நவமணி பார்த்துவிட்டாள். அவளிடம் கேட்காதே.

வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டோம். கோடி வேட்டியை நான் கட்டிக்கொண்டுவிட்டேன். அக்காள் திட்டினாள், ஆகாது என்று. வாங்கினது எனக்கு, கட்டுகிறது நான், இதில் ஆகாதது என்ன? பாகல் விதை போட்டிருக்கிறேன். பூக்கொடி வேண்டாம், அதைச் சமைக்க முடியாது. நாலு மணி வெயில் இன்னும் ஒரு சாண் உள்ளே வருகிறது. கங்காவின் கணக்கு சரி, நீதான் சட்டங்களின் இடைவெளியை அகலமாக விட்டுவிட்டாய்.

நாலாவது காலை நிமிர்த்த ஆசாரியைக் கூப்பிடுகிறேன் என்றாள் உன் அக்காள். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இடித்து முடிக்காமல் ஓடினவன் வந்து முடிக்கட்டும். கடப்பாரை நீ போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

சனிக்கிழமை வா. வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொட வேண்டும். குலையோடு நாலு வாழை மரம் சொல்லி வைத்திருக்கிறேன், காலுக்கு ஒன்றாகக் கட்ட. இது எந்தப் பந்தல் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? சாய்ந்த காலில் வாழை நிற்காது. சீக்கிரம் வந்து நிமிர்த்து.

இப்படிக்கு
அத்தான்